கோட்டைத் தாண்டும் கலர்: நாலரை வயதுக்கு எந்தக் கேம் பெட்டி?

டொரண்டோவில் இருக்கும் மச்சான் டிசம்பரில் கொழும்புக்கு வருகிறான். வழக்கமான கேள்வி வாட்ஸ்அப்பில் இப்போதே வந்துவிட்டது: "அத்தான், பிள்ளையளுக்கு என்ன கொண்டுவாறது? சொக்லேட் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

மூத்தவனுக்கு ஒன்பது வயது. அவனுடைய பதில் ஒரு வருடமாக மாறவில்லை: நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கேம் பெட்டியான ஸ்விட்ச். சின்னவளுக்கு நாலரை. வெள்ளவத்தையில் நேர்சரிக்குப் போகிறாள், இந்த நாட்களில் கலர் அடிப்பதைத் தவிர அவளுக்கு வேறு தொழில் இல்லை. மனைவியும் மச்சானும் அரை மணித்தியாலம் கதைத்து, "கலர் அடிக்கிற கேம் உள்ள கையடக்கப் பெட்டி" என்ற இடத்தில் வந்து நின்றார்கள். எந்தப் பெட்டி, எந்தக் கேம் என்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

பெட்டிதான் பெரிய கேள்வி என்று நினைத்துத்தான் தேடத் தொடங்கினேன். ஒரு பாஸ்டல் அதை மாற்றிவிட்டது.

வீட்டில் பழைய டெப் ஒன்று கிடக்கிறது. அதில் இலவசமாக இறக்கிய கலரிங் ஆப் ஒன்றைச் சின்னவள் சில மாதமாகப் பாவிக்கிறாள். யானைப் படம் வரும். காதைத் தொட்டால் காது முழுக்க நீலம், தும்பிக்கையைத் தொட்டால் தும்பிக்கை முழுக்கப் பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய்விட்டது, டெப்பிலும் சார்ஜ் இல்லை. அம்மம்மா ஒரு கலரிங் கொப்பியையும் பாஸ்டல் பெட்டியையும் தேடி எடுத்துக் கொடுத்தா. அதிலும் யானைதான். சின்னவள் சிவப்புப் பாஸ்டலை எடுத்து யானையின் வயிற்றில் ஒரு குத்துக் குத்தினாள். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு புள்ளிதான் இருந்தது. இன்னொரு குத்து. இன்னொரு புள்ளி. "இது வேலை செய்யேல்ல" என்று கொப்பியை அம்மம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

எல்லாரும் சிரித்தோம். இரவு படுத்தபிறகு எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமாகக் கலர் அடித்தது அவளா, டெப்பா?

அதன் பிறகுதான் பெட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேம்களைப் பார்த்தேன். கலரிங் கேம் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே நாலு ரகம் இருக்கிறது. முதலாவது தொட்டால் நிரம்புவது. எங்கள் யானை இந்த ரகம். தொட்ட புள்ளிக்கு மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் இருக்கும் புள்ளிகளும் அதே நிறம்தானா என்று பார்த்துப் பார்த்துக் கலர் பரவும், கறுப்புக் கோடு குறுக்கே வந்தால் நிற்கும். பாத்திக்குத் தண்ணீர் விடுவது போலத்தான். வரம்பில் சின்ன உடைப்பு இருந்தாலும் போதும், யானைக்கு அடித்த கலர் வானத்தையும் நனைத்துவிடும். அதனால் சின்னப் பிள்ளைகளின் கேம்களில் கோடுகளை முதலிலேயே இறுக்கமாக அடைத்து வைத்திருப்பார்கள். ஒரு படத்தில் இருபது பாத்தி என்றால் இருபது தொடுகையில் படம் முடிந்தது. எங்கள் வீட்டில் ஒரு யானைக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. உடனே "அடுத்தது."

இரண்டாவது ரகத்தில் தூரிகையை அசைக்க வேண்டும், ஆனால் கலர் கோட்டுக்கு வெளியே போகாது. காதில் தொடங்கினால், கை எங்கே அலைந்தாலும் காதுக்குள் மட்டும்தான் நிறம் விழும். கை வேலை செய்கிறது, தவறு மட்டும் நடக்காது. மூன்றாவது ரகம் முழுச் சுதந்திரம். கறுப்புக் கோடு கண்ணாடித் தாளில் அச்சடித்தது போல மேலே கிடக்கும், பிள்ளையின் கலர் அதன் கீழே எங்கேயும் ஓடும். யானையின் நீலம் வானத்துக்கும் போகும், புல்லுக்கும் வரும். நாலாவது, இலக்கத்துக்குக் கலர் போடுவது. சின்னச் சதுரங்களில் 1, 2, 3 என்று இருக்கும், 3 என்றால் மஞ்சள். இலக்கம் வாசிக்கத் தெரிந்த, பொறுமை உள்ள ஆறு ஏழு வயதுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. நாலரைக்குத் தண்டனை.

ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை பாஸ்டலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும். நாலு, ஐந்து வயதளவில்தான் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்கும் பிடி படியும். சின்னவள் இப்போது சரியாக அந்தப் படியில் நிற்கிறாள். தொட்டு நிரப்பும் கேமால் அவளுக்குக் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் அவள் செய்வது கலர் தெரிவு மட்டும், அடிப்பது பெட்டி. ஆகவே என் முதல் நிபந்தனை, கலர் கோட்டைத் தாண்ட விடும் கேமாக இருக்க வேண்டும். இரண்டாவது, கையில் பென்சில் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும், விரல் போதாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்குப் போனால் விஷயம் கொஞ்சம் வெளித்தது.

நின்டெண்டோவின் டிஎஸ் 2004இல் வந்தது. இரண்டு திரை, கீழ்த்திரையில் எழுதலாம், பெட்டியிலேயே ஸ்டைலஸ், அதாவது எழுதும் குச்சி, செருகி இருக்கும். அந்தத் திரை இன்றைய ஃபோன் திரை மாதிரி இல்லை. மேலே மெல்லிய படலம், அதை அழுத்தினால் கீழே உள்ள தகட்டில் படும், பட்ட இடம் பெட்டிக்குத் தெரியும். அழுத்துவது நகமா, ஸ்டைலஸா, ஐஸ்பழக் குச்சியா என்று அது பார்ப்பதில்லை. ஃபோன், டெப், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் இருப்பது வேறு வகை, தோலின் மின்தன்மையை உணர்வது. சாதாரணப் பிளாஸ்டிக் குச்சிக்கு அது அசையாது. கொழும்பு வெயிலில் வியர்த்த கைக்கோ தேவைக்கு மேலேயே அசையும். மகளின் கை எப்போதும் மாம்பழக் கை. டெப்பில் அவள் இழுக்கும் கோடு பாதியில் குதிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அழுத்தும் திரைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அது சரியாக உணரும். மணிக்கட்டும் திரையில் பட்டால் கோடு இரண்டுக்கும் நடுவே எங்கேயோ பாயும். ஆனால் திரையே மூன்று அங்குலம்தான் என்பதால் பிள்ளையின் மணிக்கட்டு விளிம்பிலோ வெளியிலோதான் கிடக்கும். சின்னத் திரை என்று நான் குறையாக எழுதி வைத்திருந்தது இப்படி ஒரு வசதியாக மாறியது.

அந்தக் குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்குப் பொருத்தமானது 2013இல் வந்த 2டிஎஸ். மற்றவை பொத்தகம் மாதிரி மடிபவை. பிள்ளைகள் கையில் முதலில் போவது அந்தப் பிணைச்சல்தான். 2டிஎஸ் மடியாது, ஒரு துண்டுப் பாண் மாதிரி தட்டையாக இருக்கும். எடை 260 கிராம். அதே குடும்பத்து 3டிஎஸ்ஸில் இருக்கும் முப்பரிமாணப் படத்தை ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. 2டிஎஸ்ஸில் அந்த வித்தையே இல்லை, ஆகவே அந்தக் கவலையும் இல்லை. எழுதும் திரையில் குறுக்கே 320, நெடுக்கே 240 புள்ளிகள். சாய்வாகக் கீறினால் கோடு படிக்கட்டு மாதிரித் தெரியும். எனக்கு அது கண்ணில் குத்தியது. பெரியம்மா வீட்டில் ஒரு பழைய பெட்டியில் கீறிப் பார்த்த மகளுக்குக் குத்தவில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் மூன்று பொறிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கடை பூட்டிவிட்டது. 3டிஎஸ், 2டிஎஸ் பெட்டிகளின் உற்பத்தி 2020இலேயே நின்றது. அவற்றுக்கான நின்டெண்டோவின் இணையக் கடையில் வாங்குவது 2023 மார்ச் 27உடன் முடிந்தது. கலர்ஸ் 3டி என்று அருமையான கீறும் மென்பொருள் ஒன்று அந்தக் கடையில்தான் இருந்தது, இனி அதைப் புதிதாக வாங்க வழியில்லை. பெட்டியில் செருகும் கேம் அட்டையாகக் கிடைப்பதை மட்டும் நம்ப வேண்டும். 2014இன் போக்கிமொன் ஆர்ட் அகாடமி, 2016இன் டிஸ்னி ஆர்ட் அகாடமி இரண்டும் அட்டையாக வந்தவை. இவை படிப்படியாகக் கீறச் சொல்லிக் கொடுக்கும் பாடங்கள், பக்கத்தில் இங்கிலிஷ் வாசிக்கப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். போக்கிமொன் அட்டையில் பாடங்களை விட்டுவிட்டுச் சும்மா கீறி விளையாடும் பகுதியும் உண்டு. எனக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது பொறி நாட்டுப் பூட்டு. ஜப்பானில் விற்ற 3டிஎஸ், 2டிஎஸ் பெட்டியில் அமெரிக்க 3டிஎஸ் அட்டை ஓடாது, மெனுவும் ஜப்பான் மொழியிலேயே இருக்கும். "அப்படியே புதுசு மாதிரி, ஜப்பான் பெட்டி" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அது பெருமை இல்லை. பழைய டிஎஸ் அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும்.

மூன்றாவது கரண்ட். கனடா, அமெரிக்கப் பெட்டியோடு வரும் 3டிஎஸ் வகைச் சார்ஜர் 120 வோல்டுக்கு மட்டும் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. தலை மாற்றும் பிளக் ஒன்றைப் போட்டுச் செருகினால் துளை பொருந்தும், சார்ஜர் பொருந்தாது. யூஎஸ்பி வயர் ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொண்டு அந்தச் சார்ஜரை டொரண்டோவிலேயே விட்டுவிட்டு வருவது புத்தி. வெளிநாட்டு மாமாமார் கொண்டுவரும் சாமான்களில் பாதி இந்த இடத்தில்தான் உயிரை விடுகின்றன.

இனி மூத்தவனின் கட்சி. ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. திரை 6.2 அங்குலம், பிடிகளோடு எடை 398 கிராம். 2019இல் வந்த ஸ்விட்ச் லைட் 5.5 அங்குலம், 275 கிராம், பிடிகள் உடம்போடு ஒட்டியவை, டிவியில் போட முடியாது. 2021இன் ஸ்விட்ச் ஓலெட் 7 அங்குலம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கிட்டத்தட்ட 8 அங்குலம், அரைக் கிலோவுக்கு மேல். நாலரை வயதுக் கைக்கு லைட் ஒன்றுதான் கணக்கில் வரும்.

நல்லது நிறைய இருக்கிறது. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். நாட்டுப் பூட்டு இல்லை. பெற்றோருக்கான ஆப்பில் நாளுக்கு இத்தனை நிமிடம் என்று வைத்துவிடலாம், பழைய பெட்டிகளில் சுவர் மணிக்கூடுதான் காவல். அட்டையை வாயில் போடும் பிள்ளைகளுக்காக அதன்மேல் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் பார்க்க வேண்டாம், தேநீர் குடித்தும் போகவில்லை.

ஆனால் கலர் அடிக்க என்று வந்தால் ஸ்விட்ச் கொஞ்சம் திணறும். ஸ்டைலஸ் கூட வராது. டிவியில் போட்டால் தொடுதிரை வேலை செய்யாது. அப்போது குச்சிப் பிடியை அசைத்துத் திரையில் ஒரு அம்பைக் கொண்டுபோய்க் கலர் அடிக்க வேண்டும். சீனிப் போத்தலைக் காலால் திறப்பது மாதிரி ஒரு வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு என்று இணையக் கடையில் மலிவாகக் கிடப்பவற்றில் நான் பார்த்தவை பெரும்பாலும் தொட்டு நிரப்பும் ரகம், படக் கட்டு ஒவ்வொன்றுக்கும் பிறகு தனிக் காசு கேட்பவையும் உண்டு. வாங்குமுன் ஓடும் காணொளி ஒன்றைத் தேடிப் பாருங்கள். விரல் ஒருமுறை பட்டுப் பாத்தி நிரம்புகிறதா, கோடு கோடாக வருகிறதா என்று பத்து வினாடியில் தெரியும்.

விதிவிலக்கு இரண்டு சொல்லலாம். 3டிஎஸ்ஸில் இருந்த அந்தக் கலர்ஸ் மென்பொருளின் அடுத்த பிறப்பு, கலர்ஸ் லைவ், 2021இல் ஸ்விட்சுக்கு வந்தது. அதோடு சோனார்பென் என்று ஒரு பேனாவும் உண்டு. ஹெட்ஃபோன் துளையில் வயரைச் செருகினால், மெதுவாக அழுத்தினால் மெல்லிய கோடு, இறுக்கினால் தடித்த கோடு என்று வரும். கீறத் தெரிந்த பத்து வயதுக்குப் பொருத்தம். மற்றது 2021இன் சிக்கரி என்ற கேம். கறுப்பு வெள்ளையாகக் கிடக்கும் ஒரு ஊர் முழுவதையும் தூரிகையோடு திரிந்து கலர் அடிக்கும் கதை, கோட்டைத் தாராளமாகத் தாண்டலாம். ஆனால் கதை தன்மேல் நம்பிக்கை இழக்கும் ஆளைப் பற்றியது, உரையாடலும் நிறைய. என் மகனுக்குக்கூட இன்னும் ஒரு வருடம் போக வேண்டும். எனக்கு இன்றைக்கே சரி.

ஸ்விட்சை எங்கள் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. "ரெண்டு பேருக்கும் பொது" என்று வாங்குவது மூத்தவனுடையது ஆகும். தங்கச்சிக்கு அவன் களைத்த பிறகுதான் முறை, அவன் களைக்க மாட்டான்.

வேறு நிறுவனங்களின் கையடக்கப் பெட்டிகளான வீட்டா, ஸ்டீம் டெக் என்றும் சிலர் சொன்னார்கள். வீட்டாவின் உற்பத்தி 2019இல் முடிந்தது, ஸ்டீம் டெக் அறுநூறு கிராமுக்கு மேல். இரண்டையும் அப்படியே கடந்துவிட்டேன்.

வீட்டில் இருக்கும் டெப்பை அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது. திரை பெரியது, புதிதாகக் காசு செலவில்லை, மூன்றாம் ரக ஆப்களும் தேடினால் கிடைக்கும். விளம்பரம்தான் தொல்லை. ஒரு படம் முடிய ஒரு விளம்பரம், அதை மூடும் பெருக்கல் குறியோ அரிசி அளவு. விமானப் பயண நிலையில் போட்டுவிட்டுக் கொடுத்தால் பெரும்பாலானவை வராது. ஆன்ட்ராய்டில் திரையைப் பூட்டி வைக்கும் வசதியைப் போட்டால் அந்த ஆப்பை விட்டு வெளியே போகவும் முடியாது. இவ்வளவும் செய்தாலும், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யூடியூப் இருக்கிறது என்று மகளுக்குத் தெரியும். யானைக்குக் கலர் அடித்துக்கொண்டே "அப்பா, பிறகு கார்ட்டூன்?" என்பாள். பழைய பெட்டியில் ஓர் அட்டை, அந்த அட்டையில் இருப்பது மட்டும்தான். அந்த வறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பெட்டியிலும் தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. கலர் பெயரைச் சொல்லும் கேம்கள் இங்கிலிஷில்தான் சொல்லும். பக்கத்தில் இருந்து செம்மஞ்சள், ஊதா, கபிலம் என்று நாங்கள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. டெப்பில் ஒருநாள் கண்ணும் பல்லும் வெட்டிய பூசணிக்காய் ஒன்று வந்தது. மகளுக்குத் தெரிந்த பூசணிக்காய் கடை வாசலில் குங்குமம் தடவி உடைப்பது. "அம்மம்மா, இது உடைக்க முதலா, உடைச்ச பிறகா?" என்று கேட்டாள். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. "உடைக்க முதல்தான். முறைக்குது பார்."

காகிதத்தையும் ஒரு தெரிவாகவே வைத்து எடை போட்டேன். மலிபன் வீதியில் கலரிங் கொப்பிகளும் அட்லஸ் பாஸ்டல் பெட்டி ஒன்றும் வாங்கினால் மாதக்கணக்கில் போகும், சார்ஜ் வேண்டாம். கையின் அழுத்தத்துக்கு ஏற்ற நிறம் எந்தத் திரையையும்விட இதில் நன்றாக வரும். தோற்கும் இடங்கள் இரண்டு: பஸ்ஸும் சுவரும். கதிர்காமத்துக்குப் போகும் வழியில் பாஸ்டல் சீட்டுக்குக் கீழே உருண்டு ஓடும், வீட்டில் வெள்ளைச் சுவர் மஞ்சளாகும். மூடிய பெட்டி வேண்டும் என்று நாங்கள் தேடுவதே அந்தப் பயணங்களுக்கும் வைத்தியரின் வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கும்தான். அதற்கு மேல் எப்படியும் கொடுக்கப் போவதில்லை. மூன்று, நாலு வயதுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. டிவியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

விலைக்கு ஒரு அளவுகோல்: அமெரிக்காவில் வெளிவந்தபோது 2டிஎஸ் 130 டொலர், லைட் 200, ஸ்விட்ச் 2 450. லிபர்ட்டி பிளாசாவிலும் யூனிட்டி பிளாசாவிலும் இணைய விளம்பரங்களிலும் கேட்கும் விலை டொலரோடு ஏறி இறங்கும். இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்காமல் வாங்காதேங்கோ.

ஆறு வயதுக்கு மேல் ஒரே பிள்ளை என்றால் நான் தயங்காமல் லைட் என்பேன். மூன்று வயது என்றால் எதுவும் வேண்டாம், கொப்பி போதும். நல்ல டெப் இருக்கிறது, யூடியூப் தொல்லை இல்லை என்ற அதிர்ஷ்டசாலி வீட்டில் ஒரு டெப் ஸ்டைலஸோடு அலுவல் முடிந்தது. எங்கள் வீட்டுக்கு, பாவித்த 2டிஎஸ் ஒன்று, போக்கிமொன் அட்டை ஒன்று, யூஎஸ்பி வயர், தொலைக்கப் போகிற ஸ்டைலஸுக்குப் பதிலாக இன்னும் நாலு. மூத்தவனின் ஸ்விட்ச் அடுத்த பிறந்தநாளுக்கு என்று தள்ளப்பட்டிருக்கிறது. அவன் என்னோடு கதைத்து இரண்டு நாளாகிறது.

மச்சானுக்கு நேற்று இரவு குரல்பதிவு அனுப்பினேன். பாவித்த பெட்டி வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்காதே, கீழ்த்திரையில் ஸ்டைலஸால் மூலைக்கு மூலை மெதுவாக ஒரு கோடு கீறு. கோடு ஓரிடத்தில் அறுந்தாலோ பக்கத்துக்குப் பாய்ந்தாலோ, செட்டிங்கில் போய்த் திரையைச் சரிசெய்துவிட்டு இன்னொருதரம் கீறு. அப்போதும் அறுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா.